கிஷ்டம்மாவுக்கு வந்த செய்தி

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். விருத்தாசலம் ஜங்ஷனில் புக்கிங் ஆபீஸில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. பெயின்டிங் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போகும்படி மேனேஜர் சார் சொன்னார். இரண்டு மூன்று நாள் யோசித்தேன். தூரிகையை எப்படிப் பிடிப்பது, எந்தச் சாயம் சூளைக்குள் போனால் என்ன நிறமாக வெளியே வரும் என்பதெல்லாம் எழுதிப் புரியவைக்கக் கூடியதல்ல. நம் பழைய ஆள் செல்லம்மாவின் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

உங்களில் யாரோ ஒருத்தி நாளைக்கு இந்த சூப்பர்வைசர் நாற்காலியில் உட்காரப் போகிறாள். பீங்கான் உடைவதும், நிறம் கெடுவதும், பார்சல் தவறிப்போவதும் அவளுக்குப் பழகிவிடும். பழகாத வேலை ஒன்று உண்டு. ஆபீஸ் அறைக்கு ஒரு செய்தி வரும். அதை உள்ளே எடுத்துக்கொண்டு போய், ஒன்றும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி முதன்முதலில் வந்தது நம் ஊர்ப் பெண்ணைப் பற்றிய செய்தி அல்ல. டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவைப் பற்றியது.

அவர் பெயர் கிர்ஸ்டன். எழுபதுகளின் தொடக்கத்தில், பீங்கானில் நுணுக்கமாக வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுப்பதற்காக நம் யூனிட்டுக்கு வந்தார். சென்னையில் இருந்த ஒரு அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நல்ல உயரம், வெயில் பட்டால் மூக்கு சிவந்துவிடும். நம் பெண்களின் வாயில் கிர்ஸ்டன் நுழையவில்லை. முதல் வாரத்திலேயே கிஷ்டம்மா ஆகிவிட்டார். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். நான் பி.யு.சி. வரை படித்தவள் என்பதால், அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலையும் எனக்கு வந்தது. அப்போது என் மகள் கைக்குழந்தை. பேக்கிங் ஷெட்டில் வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பேன். களிமண் தூசி அவள் மூச்சில் போய்விடுமோ என்று அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து ஓடுவேன். கிர்ஸ்டன் ஒரு நாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

அவர் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பீங்கான் நாய். எப்போதும் ஜோடியாகச் செய்ய வேண்டும். ஒன்று இடது பக்கம் பார்க்கும், மற்றது வலது பக்கம் பார்க்கும். வெள்ளை உடம்பு, கழுத்தில் நீலத்தில் ஒரு சங்கிலி. நாயை யார் வாங்குவார்கள் என்று செல்லம்மா கேட்டாள். செல்லம்மா மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எங்கள் எல்லாரையும்விட மூத்தவள், வாய் ஓயாது. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கிர்ஸ்டன் தன் ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அது ஒரு சின்னத் துறைமுக ஊர். மஞ்சள் சுவரும் சிவப்பு ஓடும் போட்ட தாழ்வான வீடுகள், கடலுக்கு இறங்கும் கல் பாவிய தெருக்கள். பாய்மரக் கப்பல் காலத்தில் பெரிய ஊராக இருந்ததாம். கப்பல் தலைவர்கள் தூர தேசத்திலிருந்து பீங்கான் நாய்களை வாங்கிவந்து மனைவிக்குக் கொடுப்பார்கள். மனைவி அவற்றைத் தெருப்பக்கத்து ஜன்னலில் வைப்பாள். கணவன் கடலில் இருக்கிறவரை நாய்கள் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். அவன் வீடு வந்ததும் உள்பக்கமாகத் திருப்பி வைப்பாள். தெருவில் போகிறவர்கள் ஜன்னலைப் பார்த்தே யார் வீட்டில் ஆள் இருக்கிறார், யார் வீட்டில் இல்லை என்று தெரிந்துகொள்வார்கள்.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் செல்லம்மா, "எங்க வூட்டுக்காரரு வூட்டுலயேதான் இருக்குறாரு. ஆனாலும் நான் நாய வெளிய பாக்கதான் வெப்பேன். யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போவட்டும்" என்றாள்.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் திணறிச் சொன்னதும், கிர்ஸ்டன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு தினமும் அந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி வரும். அங்கே வெயில் அவ்வளவாக இல்லை என்றால் கருவாடு எப்படிக் காயும் என்று கேட்டார்கள். காயப்போடுவதில்லை, உயரமான புகைக்கூண்டுக்குள் தொங்கவிட்டுப் புகை போடுவோம், மீன் பொன்னிறமாகிவிடும் என்றார். நம் மத்தியைப் போல ஒரு மீனாம். "அப்ப பீடி வாசன அடிக்குமே" என்றாள் செல்லம்மா. தேவாலயத்தின் கூரையிலிருந்து ஒரு சின்ன மரக்கப்பல் தொங்கும் என்றும், கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் செய்து கொடுத்தது என்றும் சொன்னார். குளிர்காலத்தில் துறைமுகத்துத் தண்ணீர் உறைந்துபோகும் என்றதை மட்டும் யாரும் நம்பவில்லை.

அந்தத் தேவாலயத்தில் ஒரு கல்லில் தரங்கம்பாடி என்று எழுதியிருக்கிறதாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தரங்கம்பாடி டென்மார்க் ராஜாவின் கையில் இருந்தது உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். அவர் ஊர்க் கப்பல்காரர் ஒருவர் தரங்கம்பாடிக்கு வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே இறந்துபோனார்; அது அவர் நினைவுக் கல். கிர்ஸ்டன் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பெயரைப் படித்துப் படித்துத்தான் இந்தியாவுக்கு வரும் ஆசை வந்தது என்றார். ஒரு விடுமுறையில் மாயவரம் போய் ரயில் மாறி, தரங்கம்பாடியைப் பார்த்துவிட்டும் வந்தார். பழைய கோட்டை வாசல் வழியாக மீன்கூடைப் பெண்கள் சாதாரணமாகப் போய் வருவதைப் பார்த்தபோது தன் ஊரே ஞாபகம் வந்ததாம்.

ரயில் வந்ததால் நம் ஊர் பெரிதானது. அவர் ஊர் ரயிலால்தான் சிறுத்தது. ரயில் பாதை வேறொரு ஊருக்குப் போக, பெரிய கப்பல்களும் அங்கே போய்விட்டன. பிறகு மீன்பிடிப் படகுகள் மட்டும் மிஞ்சின. நீல வண்ணம் அடித்த மரப்படகுகள். அப்படி ஒரு படகில்தான் அவருடைய தம்பியும் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். காலையில் மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது போனை அப்போதுதான் வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கதவ சாத்திட்டு வாம்மா கமலா. மெட்ராஸ்லேருந்து ட்ரங்க் கால். அந்தம்மாவோட தம்பி போன படகு புயல்ல மூழ்கிடுச்சாம். கூடப் போன ரெண்டு பேர உயிரோட தூக்கிட்டாங்களாம். இவரு கெடைக்கல. தேடுறதயும் நிறுத்திட்டாங்களாம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மத்தியானம் ஒரு ரயிலு இருக்குது. அதுல அனுப்பிரணும். தம்பிக்கு உடம்பு சரியில்ல, உடனே கெளம்பி வரச் சொல்றாங்கன்னு மட்டும் நீ சொல்லு. மத்தத மெட்ராஸ்ல அவங்க ஆளுங்க பாத்துப்பாங்க."

"அவங்க திருப்பிக் கேட்டா சார்?"

"தெரியலன்னு சொல்லு. நாடு விட்டு நாடு வந்த பொம்பள, தனியா ரயில்ல போவப்போறாங்க. தெரிஞ்சு போனா வழியில என்ன ஆவும்? நம்ம வூட்டுல ஒரு சாவுன்னா இப்படித்தான சொல்லி அழைச்சிட்டு வருவோம்?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்தேன். ட்ரங்க் கால் என்றால் தொண்டை கிழியக் கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். சார் கத்திய கத்தல் பேக்கிங் ஷெட் வரைக்கும் போயிருந்தது. பெண்கள் எல்லாரும் தூளிக்குப் பக்கத்தில் கூடி நின்றார்கள். சூளை இருந்தது பின்கட்டில். அன்று சூளையைப் பிரித்துச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிர்ஸ்டன் அங்கே அந்தச் சத்தத்துக்குள் இருந்தார். ஆக அந்த யூனிட்டில் செய்தி தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

"டீச்சரம்மா, நேராப் போயி சொல்லிறாதீங்க" என்று செல்லம்மா என் கையைப் பிடித்தாள். படித்தவள் என்பதற்காக அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "சார் சொன்னதுதான் சரி."

"பொய் இல்லயா அது?"

"பொய்யின்னா பொய்தான். எங்கப்பா செத்தப்ப எனக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? கால்ல அடி, ஆஸ்பத்திரியில வெச்சிருக்குதுன்னாங்க. நான் பஸ்ஸு ஸ்டாண்டுல எறங்கி சாத்துக்குடி வாங்கினேன். பேரம் பேசி வாங்கினேன். தெரு முனையில திரும்பினா மோளச் சத்தம்."

என் மகள் தூளிக்குள் இருமினாள். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தப் பழத்த என்ன பண்ணீங்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். யாரோ வாங்கி உள்ள வெச்சாங்க. ஆனா ஒண்ணு டீச்சரம்மா. அந்த பஸ்ஸுல வர்ற வரைக்கும் எங்கப்பா எனக்கு உசுரோட இருந்தாரு. அதுவும் போயிருந்தா நான் பஸ்ஸுலயே விழுந்திருப்பேன். அதுக்குத்தான் அப்படி சொல்றாங்க."

அவள் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. கடைசியில் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். பொய்யோ நிஜமோ, அவர் முதலில் சாப்பிடட்டும். வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. சொன்ன பிறகு எப்போது சாப்பிடுவாரோ. நம் வீடுகளில் அதுதானே வழக்கம்? ஆகவே மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பொறுப்பது என்று ஆயிற்று. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சொல்வதைத் தள்ளிப்போட ஒரு நல்ல காரணம் கிடைத்ததே என்ற நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் கிர்ஸ்டன் பின்கட்டிலிருந்து ஒரு பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பலகை நிறைய நாய்கள். பல மாதமாக அந்த நீலம் சரியாக வராமல் படுத்திக்கொண்டிருந்தது. ஒன்று கறுத்துப்போகும், இல்லையென்றால் வெளிறும். அன்றைக்கு என்று பார்த்து நீலம் அப்படியே நின்றிருந்தது.

"பாரு, பாரு. நல்ல நீலம்" என்று தமிழில் சொன்னார். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அவரவர் தீட்டியதை எடுத்துக் கையில் கொடுத்தார். செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு, "உங்க வூட்டுக்காரர் எங்க பாக்குறார்?" என்று கேட்டார். அவருக்கு எங்கள் பேச்சிலேயே பதில் வாங்குவதில் ஒரு ஆசை. வேறொரு நாளாக இருந்தால் செல்லம்மா அதற்கு அரை மணி நேரம் பேசியிருப்பாள். அன்று நாயை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

காலை முழுக்க இப்படித்தான் போயிற்று. அவர் பாட்டுப் பாடிக்கொண்டே மேசை மேசையாகப் போனார். தம்பியைப் பற்றிக்கூட ஒரு தரம் பேசினார். சின்ன வயதில் ஜன்னலில் இருந்த நாய்களைத் தம்பி தினமும் திருப்பித் திருப்பி வைத்து அம்மாவிடம் அடி வாங்குவானாம். நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். பெண்கள் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. கிர்ஸ்டன் எப்போதும் ரொட்டியும் வாழைப்பழமும்தான் கொண்டுவருவார். எங்கள் டப்பாக்களிலிருந்து ஊறுகாய் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, காரத்துக்குக் கண்ணில் நீர் விடுவார். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். அன்று செல்லம்மா தன் டப்பாவில் இருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். இன்னொருத்தி மீந்திருந்த கரும்புத் துண்டை வைத்தாள். ஒருத்தி சோற்றில் பாதியை எடுத்து வைத்தாள். யாரும் ஊறுகாய் வைக்கவில்லை.

கிர்ஸ்டன் தட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்.

"யார்?"

எனக்குப் புரிந்தது. புரியாதது போல, "என்ன?" என்றேன்.

"கமலா, நான் துறைமுகத்துப் பெண். ஒரு படகு வரவில்லை என்றால் எங்கள் தெரு இப்படித்தான் ஆகும். ரொட்டிக் கடைக்காரி பையில் ஒரு ரொட்டி கூடுதலாகப் போடுவாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். யார், சொல்லு."

என் வாயில் மேனேஜர் சார் சொல்லிக்கொடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. உங்கள் தம்பிக்கு உடம்பு சரியில்லை. நான்கு சொல். அதைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்று கிர்ஸ்டன் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார். ஒரு சாவு நடந்திருக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்துபோயிருந்தது. அதற்கு மேலும் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னால், அது அவருக்காகச் சொல்வதாக இருக்காது. எனக்காகச் சொல்வதாக இருக்கும். இதை அப்போதே இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். பயமாகத்தான் இருந்தது.

"உங்கள் தம்பி" என்றேன். "புயலில் படகு மூழ்கிவிட்டது. இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டார்கள். உங்கள் தம்பி கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"எப்போது தெரியும்?"

"காலையில் போன் வந்தது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அதற்குள் செல்லம்மா எழுந்து வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டு, "எம் மவளே, இப்படி ஆயிப்போச்சே" என்று குரலெடுத்துவிட்டாள். மற்றவர்களும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். கிர்ஸ்டனின் உடம்பு விறைப்பதை நான் பார்த்தேன். அவர் ஊரில் இப்படிச் செய்வார்களா, அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்களா, எனக்கு என்ன தெரியும்? தடுத்தால் எங்கள் பெண்களின் மனம் நோகும். விட்டால் அவர் மூச்சு முட்டிப்போவார்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. அவங்களயே கேப்போம்" என்றேன். அவரிடம், "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "அவர்கள் அழட்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் என்னை அழச் சொல்ல வேண்டாம். ரயில் வரும்வரை நான் வேலை செய்கிறேன்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தன் மேசையில் உட்கார்ந்து பாதியில் விட்டதை எடுத்துக்கொண்டார். செல்லம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பின்னால் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அவர் அந்தக் கையை விலக்கவில்லை.

மேனேஜர் சாருக்கு என்மேல் கோபம்.

"நான் சொன்னது என்ன, நீ பண்ணது என்ன?"

"அவங்களே கண்டுபிடிச்சிட்டாங்க சார். யாருன்னு கேட்டாங்க."

"சரி, இப்ப இந்த நெலமையில யாரு கூடப் போறது?"

"நான் போறேன் சார்."

சொன்ன மறு நிமிஷம்தான் குழந்தை ஞாபகம் வந்தது. குழந்தைக்குச் சளி. நான் அதுவரை அவளை ரயிலில் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனதில்லை. விட்டுவிட்டுப் போனால் யார் பார்ப்பார்கள்? வெந்நீர் பாட்டில், மாற்றுத் துணி, கம்பளிக் குல்லாய் என்று ஒரு பையில் திணித்துக்கொண்டேன். ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் டிக்கெட்டைக் கொடுக்கும்போது, "பாப்பாவயுமா தூக்கிட்டுப் போற?" என்றார். "விட்டுட்டுப் போவ மனசு வரல" என்றேன். அவர் கிர்ஸ்டனைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ரயில் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டும்வரை கிர்ஸ்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அவர் மடிக்குத் தாவினாள். அவளை வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் பேசினார்.

"நீ சொன்னதற்கு நன்றி. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கோபமாக அல்ல."

"சொல்லுங்கள்."

"எங்கள் ஊரில் செய்தி வந்தால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். செய்தி கொண்டுபோகிறவர் வழியில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். அந்த வீட்டுக் கதவு சாத்திய பிறகுதான் தெருவுக்குத் தெரியலாம். இன்று காலை நான் நீலத்தைப் பார்த்துச் சிரித்தேன். பாட்டுப் பாடினேன். அவன் இல்லை என்று தெரிந்த அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவன் செத்ததை நான் தாங்கிக்கொள்வேன். அந்தக் காலையைத்தான் எப்படி நினைப்பது என்று தெரியவில்லை."

நீங்கள் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தோம், உங்கள் நல்லதுக்காகத்தான் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொண்டால் நல்லது என்று நினைக்கிறேன். கட்டாயம் என்று சொல்லமாட்டேன். எந்தச் செய்தி வந்தாலும், அது யாருடையதோ அவரிடம்தான் முதலில் போவது. தெரிந்ததை மட்டும் சொல்வது, தெரிந்தது அவ்வளவுதான் என்பதையும் சொல்வது. பிறகு, என்ன வேண்டும் என்று கேட்பது. இது எப்போதும் சரியாக வந்தது என்று சொல்ல முடியாது. ஒரு முறை, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த பெண்ணிடம் அவள் தாய் இறந்ததை நேராகச் சொன்னேன். அவள் மயங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டது. செல்லம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் செல்லம்மாவைப் போலச் சாத்துக்குடியோடு போயிருக்கலாமோ என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெண் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று நேரே என் மேசைக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அன்று அந்த ரயில் விழுப்புரத்தில் நின்றது. கையில் கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டார். நடு வயது, காதில் சிவப்புக்கல் தோடு. வெள்ளைக்கார அம்மா, அவர் மடியில் நம் குழந்தை, பக்கத்தில் நான். அந்த அம்மாள் கேட்காமல் இருப்பாரா?

"எங்கம்மா போறீங்க?"

"மெட்ராஸுக்குங்க. அங்கேருந்து இவங்க ஊருக்குப் போறாங்க."

"என்ன விசேஷமா?"

நான் யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. "இல்லீங்க. இவங்க தம்பிக்கு உடம்பு சரியில்ல."

கிர்ஸ்டன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். எங்கள் பேச்சு அவருக்கு அவ்வளவுக்குப் புரியும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மாளை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்.

"இல்ல. செத்துட்டான். கடல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. கூடையை இறக்கிக் காலடியில் வைத்தார். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சின்ன வயசாம்மா?"

"சின்ன வயசு."

"கல்யாணம் ஆயிருந்துதா?"

கிர்ஸ்டனுக்கு அது புரியவில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார்.

"பேரு என்னம்மா?"

அந்தக் கேள்வி என்னைத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து நாங்கள் அத்தனை பேரும் அவர் தம்பியைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தோம். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, யார் சொல்வது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா. அந்தத் தம்பிக்கு ஒரு பெயர் இருக்கும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. மேனேஜர் சாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

"யென்ஸ்" என்றார் கிர்ஸ்டன்.

"ஏஞ்சு" என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார்.

"இல்ல. யென்ஸ்."

இரண்டாம் முறை அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. குழந்தையின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். அந்த அம்மாள் வேண்டாம் என்று கண்ணால் சைகை காட்டினார். என் மகள் அசையாமல் இருந்தாள். ரயில் திண்டிவனம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

"யென்ஸ்" என்று அந்த அம்மாள் இன்னொரு தரம், தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். இந்த முறை சரியாக வந்தது.